லிப்ரெஆபிஸ் இடைமுகத்தில் முதல் திருத்தம்: மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸின் மூல நிரல் புதியவரை மிரட்டும் அளவுக்குப் பெரியது. ஸ்டார்ஆபிஸ் காலத்தில் எழுதிய வரிகளும் உண்டு, 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்த பிறகு சேர்ந்தவையும் உண்டு. பெரும்பகுதி சி++. ஆனால் நாம் திரையில் பார்க்கும் டயலாக், மெனு, டூல்பார் எல்லாம் பெரும்பாலும் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்புகளில் இருக்கின்றன. ஒரு லேபிளைத் திருத்தவோ, கோணலாக நிற்கும் பெட்டியை நேராக்கவோ, மவுஸ் இல்லாமல் வேலை செய்பவருக்கு ஒரு டயலாக்கை எட்டும்படி செய்யவோ சி++ கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி ஓரளவு பழகியிருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடைமுக வேலையில் நிரல் கொஞ்சம்தான். மற்றவர்களின் சம்மதம் பெறுவதுதான் பெரிய வேலை. பொத்தான் ஒன்று இடம் மாறினால் பல ஆண்டுகளாக அங்கே கை வைத்துப் பழகியவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். ஒரு வரி பேட்ச் (நாம் அனுப்பும் திருத்தம்) வாரக்கணக்கில் நிற்பதற்கு நிரலில் உள்ள தவறு காரணமாக இருப்பது குறைவு. பேசி முடிக்காத விஷயத்தை எழுதி அனுப்பியதால்தான் பெரும்பாலும் நிற்கிறது.

பில்ட்: இரவில் ஓடவிடுங்கள்

பில்ட் என்பது மூல நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றுவது. லினக்ஸில் செய்யுங்கள். விண்டோஸிலும் பில்ட் செய்ய முடியும், ஆனால் கருவிகளை அமைப்பதிலேயே பாதி ஊக்கம் போய்விடும். உபுண்டு அல்லது டெபியன் நல்லது. ராம் 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. வட்டில் 60 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மெய்நிகர் இயந்திரத்தில் 20 ஜிபி வட்டு போட்டுவிட்டுப் பாதியில் இடமில்லாமல் நிற்பது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

1. மென்பொருள் மூலங்கள் பட்டியலில் மூல நிரல் பொதிகளையும் இயக்கிவிட்டு, ஆப்ட் கருவியின் பில்ட்-டெப் கட்டளையை லிப்ரெஆபிஸ் பெயரோடு கொடுங்கள். தேவையான நூலகங்கள் மொத்தமாக வந்துவிடும். மூலப் பொதிகளை இயக்காமல் விட்டால் இந்தக் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும்.

2. ஒரு முறை கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் கருவியை நிறுவி, அதன் அளவை 20 ஜிபிக்குக் குறையாமல் வையுங்கள். இயல்பாக வரும் சிறிய அளவு இந்தத் திட்டத்துக்குப் பற்றாது. பழையதை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்கும், பயனே இருக்காது.

3. திருத்தங்களை அனுப்பி மறுபார்வை பெறும் தளமான லிப்ரெஆபிஸின் கெரிட்டிலிருந்து கோர் என்ற ரெப்போவை குளோன் செய்யுங்கள். பல ஜிபி இறங்கும். வரலாறு இல்லாமல் மேலோட்டமாக குளோன் செய்தால் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு லேபிளை யார், ஏன் இப்படி வைத்தார் என்று தேடும்போது அந்த வரலாறுதான் கைகொடுக்கும். பொறுமையாக முழுவதையும் எடுங்கள்.

4. கோர் அடைவுக்குள் ஆட்டோஜென் டாட் இன்புட் என்ற உரைக் கோப்பை உருவாக்கி, வரிக்கு ஒன்றாக விருப்பங்களை எழுதுங்கள். மூன்று முக்கியம்: எனேபிள்-டிபிஜியூடில், வித்-பேரலலிசம், வித்-லேங். முதலாவது தவறுகளை உடனே காட்டிக்கொடுக்கும் பில்டைத் தரும். இரண்டாவது ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் கம்பைல் ஆகலாம் என்பது. 8 ஜிபி ராமுக்கு 3 அல்லது 4 போதும். மூன்றாவதில் அமெரிக்க ஆங்கிலத்தோடு தமிழின் குறியீடான டிஏ, கூடவே க்யூடிஇசட் என்ற பொய்மொழி இரண்டையும் சேருங்கள். அது எதற்கென்று பின்னால் வரும்.

5. ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஏதாவது நூலகம் விட்டுப்போயிருந்தால் பெயரோடு சொல்லும். நிறுவிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு மேக் கட்டளையை பில்ட்-நோசெக் என்ற இலக்கோடு கொடுங்கள். சோதனைகளை விட்டுவிட்டு பில்ட் மட்டும் நடக்கும்.

சாதாரண மடிக்கணினியில் முதல் பில்ட் பல மணி நேரம் எடுக்கும். நடுவில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் செத்தால், ராம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பேரலலிசம் எண்ணைக் குறைத்துவிட்டுத் தொடருங்கள், முடிந்தவை வீணாகாது. அடுத்த பில்டுகள் நிமிடக்கணக்கில் முடிந்துவிடும், ஏனென்றால் மாற்றிய தொகுதியின் பெயரோடு டாட் பில்ட் சேர்த்து மேக் கொடுத்தால் அந்தத் தொகுதி மட்டும் உருவாகும்.

இன்ஸ்ட்டிர் அடைவுக்குள் ப்ரோகிராம் என்ற உள்ளடைவில் இருக்கும் எஸ்ஆபிஸை டெர்மினலில் இருந்து இயக்குங்கள். தலைப்புப் பட்டையில் லிப்ரெஆபிஸ்டெவ் என்று இருக்க வேண்டும். கணினியில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் லிப்ரெஆபிஸைத் திறந்து வைத்துக்கொண்டு 'மாற்றம் தெரியவில்லையே' என்று அரைநாள் தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

எந்த வேலையை எடுப்பது

பில்ட் ஓடும் நேரத்தில் பக்ஸில்லாவைத் திறங்கள். லிப்ரெஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் பிழைப் பதிவேடு அது. குறிச்சொல் தேடலில் ஈஸிஹேக், டிஃபிகல்ட்டிபிகினர், டாபிக்யூஐ மூன்றையும் கொடுங்கள். ஈஸிஹேக் என்று குறித்த பதிவில் பெரும்பாலும் அனுபவமுள்ளவர் ஒருவர் எந்தக் கோப்பில் தொடங்கலாம் என்று எழுதி வைத்திருப்பார். அந்தக் குறிப்பு இல்லாத பதிவை முதல் வேலையாக எடுக்காதீர்கள்.

முதல் திருத்தத்துக்கு ஏற்றவை: விசைப்பலகைக் குறுக்கெழுத்து (ஆல்ட் விசையோடு அழுத்தும் எழுத்து) இல்லாத லேபிள், திரைவாசிப்பான் பெயர் சொல்லாமல் விடும் உள்ளீட்டுப் பெட்டி, ஒரே டயலாக்கில் ஒழுங்கில்லாத இடைவெளிகள், வலக்கிளிக் மெனுவில் தப்பான இடத்தில் நிற்கும் கட்டளை. இவற்றில் எது சரி என்பதில் சண்டை வராது.

தவிர்க்க வேண்டியவை: எண்பது பின்னூட்டம் தாண்டிய விவாதங்கள், 'முழு மறுவடிவமைப்பு' என்ற தலைப்புள்ளவை, நோட்புக்பார் கோப்புகள். நோட்புக்பார் என்பது மெனுவுக்குப் பதிலாகத் தாவல்களாக வரும் பட்டை. 5.3 பதிப்பில் சோதனையாக வந்து 6.2இல் முழுமையாக நிலைபெற்றது. அதன் எக்ஸ்எம்எல் கோப்பு ஒவ்வொன்றும் பல ஆயிரம் வரி, வகைகளும் பல. ஒரு பொத்தானைச் சேர்த்தால் எல்லா வகையிலும் சேர்க்க வேண்டும். முதல் மாதத்தில் வேண்டாம்.

சம்மதம் வாங்குவது

பதிவில் நீட்ஸ்யூஎக்ஸ்ஈவல் என்ற குறிச்சொல் இருந்தால் வடிவமைப்புக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை என்று அர்த்தம். அது நீங்கும்வரை நிரல் எழுதாதீர்கள். அந்தக் குழு வாரந்தோறும் கூடிப் பேசி, முடிவைப் பதிவிலேயே எழுதிவிடும். உங்கள் கருத்தை அங்கே முன்வைக்கலாம். லிபிரா சாட்டில் உள்ள ஐஆர்சி அரட்டை அறையிலும் கேட்கலாம்.

சொந்த யோசனை என்றால் மேம்பாடு என்ற வகையில் புதிய பதிவு திறங்கள். ஒரு பதிவில் ஒரே விஷயம் இருக்கட்டும். இப்போது எப்படி இருக்கிறது என்ற திரைப்பிடிப்பு, எப்படி மாற வேண்டும் என்ற வரைவு, எந்தப் படிகளில் பயனர் தடுமாறுகிறார் என்ற விளக்கம் மூன்றும் வேண்டும். 'நவீனமாக இல்லை' என்ற வாதம் அங்கே எடுபடாது. 'இதே வசதி கால்க்கில் (விரிதாள்) இந்த இடத்தில் இருக்கிறது, ரைட்டரில் (ஆவணம்) வேறு இடத்தில் இருக்கிறது' என்பது எடுபடும். மாற்றத்தால் யாருக்கு இடைஞ்சல் என்பதை நீங்களே முதலில் எழுதிவிட்டால் விவாதம் பாதி குறையும்.

ஆங்கில வாசகத்தை மாற்றும் யோசனையில் கூடுதல் கவனம் தேவை. லிப்ரெஆபிஸ் 100க்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. ஒரு லேபிளில் முற்றுப்புள்ளி சேர்த்தாலும் மொழிபெயர்ப்புத் தளமான வெப்லேட்டில் அத்தனை மொழிகளிலும் அந்தச் சரம் (வாசகம்) மறுபார்வைக்கு வந்து நிற்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் சிலர்தான் உழைக்கிறார்கள். உங்கள் ஒரு வரி அவர்களுடைய மாலை நேரத்தைத் தின்னும். பொருள் உண்மையிலேயே தெளிவாகிறதென்றால் மட்டும் மாற்றுங்கள்.

கோப்பைக் கண்டுபிடிப்பது

டயலாக்குகள் அந்தந்தத் தொகுதியின் யூஐகான்ஃபிக் அடைவில், யூஐ என்ற நீட்சியோடு இருக்கும். எஸ்டபிள்யூ என்பது ரைட்டர், எஸ்சி என்பது கால்க், எஸ்டி என்பது இம்ப்ரெஸும் டிராவும். பல செயலிகளுக்கும் பொதுவான டயலாக்குகள் சியூஐ அடைவில் இருக்கின்றன. ரைட்டருக்காக அங்கே ஒன்றை மாற்றினால் இம்ப்ரெஸிலும் அது மாறக்கூடும். இரண்டிலும் திறந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது.

கிட் கிரெப் கட்டளையில் லேபிளின் வாசகத்தைத் தேடலாம், ஆனால் அப்படியே தேடினால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது. குறுக்கெழுத்துக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இருக்கும் என்பதே காரணம். பத்தி டயலாக்கின் உள்தள்ளல் தாவலில் 'பிஃபோர் டெக்ஸ்ட்' என்று திரையில் தெரிவது, கோப்பில் டெக்ஸ்ட் என்ற சொல்லுக்கு முன் அடிக்கோட்டோடு இருக்கிறது. இரண்டு சொல்லையும் சேர்த்துத் தேடினால் வெறுங்கைதான். அடிக்கோடு இல்லாத ஒற்றைச் சொல்லைத் தேடி, யூஐ கோப்புகளை மட்டும் வடிகட்டுங்கள்.

அதற்கும் எளிய வழி க்யூடிஇசட். இடைமுக மொழியாக அதைத் தேர்ந்தால் ஒவ்வொரு வாசகத்தின் முன்னாலும் ஐந்தெழுத்துச் சாவி ஒன்று தெரியும். அதை வைத்து எந்தச் சரம் என்று குழப்பமில்லாமல் சொல்லலாம். எந்த வாசகத்தின் முன்னாலாவது சாவி தெரியவில்லையென்றால் அது மொழிபெயர்ப்புக்கே போகவில்லை. அதுவே தனியாகப் பதிய வேண்டிய ஒரு பிழை.

மெனுவிலும் டூல்பாரிலும் வரும் கட்டளைப் பெயர்கள் யூஐ கோப்புகளில் இருக்காது. அவை ஆபிஸ்சிஎஃப்ஜி தொகுதியில் எக்ஸ்சியூ கோப்புகளில் இருக்கின்றன. எல்லாச் செயலிக்கும் பொதுவானவை ஜெனரிக்கமாண்ட்ஸ் கோப்பில், ரைட்டருக்கு உரியவை ரைட்டர்கமாண்ட்ஸ் கோப்பில். அங்கே குறுக்கெழுத்தைக் காட்டுவது அடிக்கோடு அல்ல, அலைக்கோடு. எந்தக் கட்டளை எந்த மெனுவில், எத்தனையாவதாக வரும் என்பது மெனுபார், டூல்பார், பாப்அப்மெனு என்ற அடைவுகளில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகளில் இருக்கும்.

திருத்தும்போது

க்லேட் என்ற வரைகருவியில் யூஐ கோப்பைத் திறந்து பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேமித்தால் அது கோப்பை முழுக்கத் தன் வழக்கப்படி மறுபடி எழுதும். நீங்கள் மாற்றியது ஒரு வரி, டிஃப் காட்டுவது முந்நூறு வரி என்று ஆகும். பேட்சைப் பார்ப்பவரால் எது உங்கள் மாற்றம் என்று கண்டுபிடிக்க முடியாது. சின்னத் திருத்தங்களை உரைத்தொகுப்பியில் கையாலேயே செய்யுங்கள்.

இந்த யூஐ கோப்புகள் ஜிடிகே 3 என்ற இடைமுக நூலகத்தின் வடிவில் இருந்தாலும், விண்டோஸிலும் மேக்கிலும் அவற்றைப் படிப்பது லிப்ரெஆபிஸின் சொந்த நூலகமான விசிஎல். ஜிடிகேயில் இருக்கும் எல்லா விட்ஜெட்டும் (பொத்தான், பெட்டி போன்ற உறுப்பு) விசிஎல்லுக்குத் தெரியாது. கவர்ச்சியாக ஒன்றைக் கண்டால், அதே வகை வேறு யூஐ கோப்பில் பயன்பட்டிருக்கிறதா என்று தேடிவிட்டுச் சேருங்கள்.

விட்ஜெட்டின் ஐடியைத் தொடாதீர்கள். சி++ பக்கம் அந்த ஐடியைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறது. ஐடி மாறினால் பில்ட் சத்தமில்லாமல் முடியும், டயலாக் திறக்கும்போது நிரல் விழும். ஒரு விட்ஜெட்டை நீக்குவதானாலும் சி++ பக்கம் சேர்த்தே நீக்க வேண்டும்.

லேபிளுக்கும் பெட்டிக்கும் உள்ள உறவுதான் இந்த வேலையில் மிகப் பயனுள்ள பகுதி. லேபிளில் யூஸ்-அண்டர்லைன் பண்பு ட்ரூ என்று இருக்க வேண்டும். மெமோனிக் விட்ஜெட் பண்பில் எந்தப் பெட்டியைக் குறிக்கிறது என்று அதன் ஐடி இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் ஆல்ட் விசை எங்கும் கொண்டுபோகாது. ஆர்கா, என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களும் அந்தப் பெட்டிக்கு வந்ததும் எண்ணை மட்டும் படிக்கும், அது எதன் எண் என்று சொல்லாது. பார்வையற்ற ஒருவருக்கு அந்த டயலாக் மூடிய கதவாகிவிடும். பில்டின்போதே ஜிஎல்ஏ11ஒய் என்ற ஸ்கிரிப்ட் இதைச் சோதித்து எச்சரிக்கும். விலக்குப் பட்டியலில் பெயரைச் சேர்த்து அதன் வாயை அடைக்காதீர்கள், உறவைச் சரிசெய்யுங்கள். ஒரே டயலாக்கில் இரண்டு லேபிளுக்கு ஒரே குறுக்கெழுத்து வரக் கூடாது என்பதையும் பாருங்கள். கீழே நிற்கும் ஓகே, கேன்சல், ஹெல்ப் பொத்தான்களையும் கணக்கில் சேருங்கள்.

இடைவெளிகளுக்கு 6, 12 பிக்சல் என்ற அளவுகளே வழக்கம்: நெருங்கியவற்றுக்கு நடுவே 6, தலைப்பின் கீழ் உள்தள்ள 12. அகலத்தை எண்ணாகக் கட்டிப்போடாதீர்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்தாக இருக்கும் பொத்தான் தமிழில் மூன்று மடங்கு நீளும், எழுத்தின் உயரமும் கூடும். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துக் கட்டிய டயலாக்கில் தமிழ் வாசகம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான்.

புதிய வாசகம் சேர்த்தால் ட்ரான்ஸ்லேடபிள் பண்பு யெஸ் என்றும், கோப்பின் பெயரும் ஐடியும் கொண்ட கான்டெக்ஸ்ட்டும் வேண்டும். புதிய யூஐ கோப்பே சேர்த்தால் அந்தத் தொகுதியின் யூஐகான்ஃபிக் மேக் கோப்பில் பெயரை எழுதுங்கள். மறந்தால் கோப்பு இன்ஸ்ட்டிருக்குப் போகாது, டயலாக் திறக்காது. ஐகான் என்றால் ஒவ்வொரு தீமிலும் 16, 24, 32 பிக்சல் அளவுகள், இருண்ட தீமுக்குத் தனி வடிவம் என்று வேலை பெருகும். தனிப் பேட்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது

யூஐ கோப்பை மாற்றினால் அந்தத் தொகுதியை மட்டும் பில்ட் செய்தால் போதும். எக்ஸ்சியூ கோப்பை மாற்றினால் ஆபிஸ்சிஎஃப்ஜியோடு போஸ்ட்ப்ராசஸ் தொகுதியையும் பில்ட் செய்ய வேண்டும். எல்லா அமைப்புகளையும் ஒரே கோப்பாகக் கோக்கும் வேலை அங்கே நடக்கிறது. அதை விட்டால் பழைய பெயரே தெரிந்துகொண்டிருக்கும். டூல்பார் மாற்றம் தெரியவில்லையென்றால், அந்த டூல்பாரை முன்பு கையால் மாற்றியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். பயனர் செய்த மாற்றம் ப்ரொஃபைலில் சேமித்திருக்கும், அது உங்கள் கோப்பை மறைத்துவிடும். டெவ் பில்டின் ப்ரொஃபைல் இன்ஸ்ட்டிருக்குள்ளேயே யூசர் என்ற அடைவில் இருக்கிறது, அழித்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு இவற்றில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்: எஸ்ஏஎல் யூஸ் விசிஎல்பிளகின் என்ற சூழல் மாறியில் ஜிடிகே3 வைத்து ஒரு முறை, ஜென் வைத்து ஒரு முறை. ஜென் வைத்தால் விசிஎல்லே வரையும், விண்டோஸ் பயனருக்கு எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும். தமிழ் இடைமுகத்தில் ஒரு முறை. எஸ்ஏஎல் ஆர்டிஎல் எனேபில்டு மாறியை 1 ஆக்கி, அரபு போல வலமிருந்து இடமாக ஒரு முறை. கடைசியாக மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் டயலாக்கை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையும் டேப் போகும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். டெர்மினலில் ஜிடிகே எச்சரிக்கை ஏதாவது விழுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கெரிட்டுக்கு அனுப்புவது

கெரிட்டில் கணக்கு திறந்து எஸ்எஸ்ஹெச் சாவியைச் சேருங்கள். கோர் அடைவில் உள்ள லாகெரிட் ஸ்கிரிப்டை செட்டப் என்ற சொல்லோடு ஓட்டினால் இணைப்பு தயார். உங்கள் பங்களிப்புகள் அனைத்தையும் எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 உரிமங்களில் தருவதாக ஒரு வரி மின்னஞ்சலை டெவலப்பர் அஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். ஒரு முறை போதும், ஆனால் அனுப்பாமல் எந்தப் பேட்சும் உள்ளே போகாது. கிட்டில் வைத்த அதே பெயரும் முகவரியும் அதில் இருக்கட்டும்.

கமிட் செய்தியின் முதல் வரி டிடிஎஃப், ஹேஷ் குறி, பிழை எண் என்று தொடங்கி, என்ன மாறுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு வரி விட்டு, ஏன் என்பதை எழுதுங்கள். லாகெரிட்டை சப்மிட் மாஸ்டர் என்று கொடுத்தால் பேட்ச் போய்விடும். ஜென்கின்ஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி அதை லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் பில்ட் செய்து பார்க்கும். சிவப்பு வந்தால் அந்த பில்டின் லாகைத் திறந்து படியுங்கள். சில நேரம் உங்களுக்குச் சம்பந்தமில்லாத சோதனை தடுக்கி விழுந்திருக்கும், அப்போது மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்கலாம்.

ரிவ்யூவில் திருத்தம் கேட்டால் புதிய கமிட் போடாதீர்கள். பழைய கமிட்டையே அமெண்ட் செய்து, கடைசி வரியில் உள்ள சேஞ்ச்-ஐடியை அப்படியே விட்டு அனுப்புங்கள். அந்த வரி அழிந்தால் கெரிட் அதை வேறொரு புதிய பேட்ச் என்று நினைத்துக்கொள்ளும், பேசியதெல்லாம் பழைய பக்கத்தில் அனாதையாக நிற்கும். பேட்சின் பக்கத்தில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த திரைப்பிடிப்பு எந்தப் பதிவில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பில்ட் செய்யாமலே பார்ப்பவருக்குப் புரியும்.

பதில் வர ஒரு வாரம் ஆகலாம். ஒரு வாரம் கடந்தும் அசைவில்லையென்றால் ஐஆர்சியில் பேட்ச் இணைப்போடு மரியாதையாகக் கேளுங்கள், தவறில்லை. ரிவ்யூவில் ப்ளஸ் 2 என்ற ஒப்புதல் கிடைத்து ஜென்கின்ஸும் பச்சை காட்டினால் மாஸ்டர் என்ற முதன்மைக் கிளையில் சேர்ந்துவிடும். பக்ஸில்லாவில் தானாகவே ஒரு குறிப்பு விழும், எந்தப் பதிப்பில் வரும் என்றும் தெரியும். பெரிய பதிப்புகள் ஆண்டுக்கு இரண்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். வாசகம் மாறும் திருத்தங்கள் வெளியான பதிப்புக் கிளைக்குப் பொதுவாகப் போகாது. மொழிபெயர்ப்பாளர்களுக்காக அங்கே சரங்களை உறையவைத்திருப்பார்கள். அடுத்த நாள் டெய்லி பில்டை இறக்கி ஒரு முறை சரிபார்த்துவிட்டு, வேலை முழுமை என்றால் பதிவின் நிலையை நீங்களே மாற்றி முடியுங்கள்.

திறந்த மூலத் திட்டங்களில் புதியவர்களை வழிகாட்டிகளோடு சேர்த்துவிடும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு மனதில் இருந்தால், விண்ணப்பம் திறக்கும் மார்ச் மாதத்தில் தொடங்குவது தாமதம். டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் விண்ணப்பதாரர்களிடம் ஏற்கெனவே சேர்ந்த ஈஸிஹேக் பேட்சுகளை எதிர்பார்க்கிறது. 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, 18 வயது நிறைந்த புதியவர் யாரும் விண்ணப்பிக்கலாம். நவம்பர், டிசம்பர் விடுமுறையில் பில்டை முடித்து, ஜனவரிக்குள் மூன்று நான்கு சின்னப் பேட்சுகள் உள்ளே போயிருந்தால், வழிகாட்டிகளுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும், உங்களுக்கும் எந்த டயலாக்கைத் தொட ஆசை என்று தெரிந்திருக்கும்.